அடியின் பெயரும் எண்ணின் பெயரும்
கிட்டிப்புள் வகை ஆட்டங்களின் சொல் வரலாறு

முன்னுரை

ஒரு மொழியின் சொல் வரலாற்றை ஆராய்வோர் இலக்கியம், கல்வெட்டு, ஆவணம், தொழில் வழக்கு ஆகியவற்றை முதலில் நாடுவர். சிறுவர் ஆடுகளத்தை நாடுவோர் மிகச் சிலரே. ஆட்டச் சொற்கள் நிலையற்றவை, ஊருக்கு ஊர் வேறுபடுபவை, ஒரு தலைமுறையில் தோன்றி அடுத்த தலைமுறையில் மறைபவை என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். இவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று. ஆட்டச் சொற்களுள் ஒரு வகை, பேரிலக்கியச் சொற்களும் மறைந்த பின்னர் நின்று நிலைக்கும் இயல்புடையது. கோலால் அடித்து ஆடும் ஆட்டங்களில் அடியின் வகைகளைச் சுட்டும் எண்ணடிப் பெயர்களே அவ்வகை. இப்பெயர்களின் தோற்றத்தையும் நிலைபேற்றையும், அவற்றிலிருந்து மொழிவரலாற்று முடிவுகளை எய்தும்போது பேண வேண்டிய வரம்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஆய்வுக்குப் பல மொழிகளின் அகராதிகள் ஓரிடத்தில் வேண்டும். கொல்கத்தாவின் தென்பகுதியில் அலிப்பூரில் பெல்வெடியர் வளாகத்தில் அமைந்துள்ள தேசிய நூலகம் அத்தகைய ஓர் இடமாகும். 1836-இல் தோன்றிய கல்கத்தாப் பொது நூலகத்தின் வழிவந்து, 1903-இல் இம்பீரியல் நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நூலகம் எனப் பெயர் பெற்ற இந்நிறுவனம், 1953-இல் பெல்வெடியரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்திய மொழிகள் அனைத்திலும் வெளியாகும் நூல்கள் இங்கு வந்து சேர வேண்டும். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்களும் சுவடிகளும் இந்நூலகத்தில்தான் உள்ளன. தமிழ் அகராதியாளர் ஒருவரின் நூற்சேர்க்கை வங்காள, மராத்தி, தெலுங்கு, கன்னட அகராதிகளோடு ஒரே வளாகத்தில் இருப்பது, ஒரு மொழியின் எல்லைக்குள் நின்று விடை காண இயலாத வினாக்களை எழுப்ப இடமளிக்கிறது. அடிப்பெயர் பற்றிய வினா அவற்றுள் ஒன்று.

1. அடிச்சொற்களின் மூவகை

கோலாலோ மட்டையாலோ ஒரு பொருளை அடித்து ஆடும் ஆட்டங்களில் அடியின் வகைகளுக்குப் பெயரிடும் முறை உலகெங்கும் மூன்று நெறிகளுள் அடங்கும் எனலாம்.

முதலாவது, அடிப்பவனின் செயலால் பெயர் பெறுவது. கிரிக்கெட்டில் வழங்கும் கட், புல், ஹுக், ஸ்வீப் என்பன இவ்வகையின. வெட்டுதல், இழுத்தல், கொக்கியிடுதல், பெருக்குதல் என்னும் அன்றாடச் செயல்களின் பெயர்களே ஈண்டு அடிப்பெயர்களாயின. அமெரிக்க நாட்டு ஆட்டமாகிய பேஸ்பாலில், மட்டையை வீசாது பந்தின் மீது மெல்ல வைத்துத் தள்ளும் அடியைப் பன்ட் என்பர். இதுவும் செயலால் வந்த பெயரே.

இரண்டாவது, அடிபட்ட பொருள் செல்லும் வழியால் பெயர் பெறுவது. பேஸ்பாலில் தரையோடு உருளும் அடி கிரவுண்டர் எனவும், வானில் உயரும் அடி ஃபிளை எனவும், கோடிழுத்தாற்போல் நேரே விரையும் அடி லைன் டிரைவ் எனவும் வழங்கும்.

மூன்றாவது, அடியால் கிடைக்கும் பயனின் அளவால் பெயர் பெறுவது. பேஸ்பாலில் அடித்தவன் முதல் தளத்தை அடைந்தால் சிங்கிள், இரண்டாம் தளத்தை அடைந்தால் டபுள், மூன்றாம் தளத்தை அடைந்தால் டிரிபிள். நான்கு தளங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே மீண்டால் அஃது எண்ணால் பெயர் பெறாமல் ஹோம் ரன் எனப்படும். கிரிக்கெட்டின் ஃபோர், சிக்ஸ் என்பனவும் இவ்வகையைச் சார்ந்தவை.

முதலிரு வகைச் சொற்களும் பொருள் விளங்கும் சொற்கள். அவற்றைக் கேட்பவன் அடி எத்தகையது என ஓரளவு உய்த்துணர்வான். பொருள் விளங்குவதாலேயே அவை எளிதில் மொழிபெயர்க்கப்படுகின்றன. மொழி மாறும்போது சொல்லும் மாறிவிடுகிறது. மூன்றாம் வகைச் சொற்களின் இயல்பு வேறு. அவை வரிசையாக ஓதப்படுவன. முதலாவதைச் சொன்னால் இரண்டாவது தானே நாவில் வரும். பொருள் மறைந்த பின்னும் வரிசை அவற்றைக் காத்து நிற்கிறது.

2. கிட்டிப்புள்ளும் அதன் உறவினங்களும்

தமிழகத்திலும் ஈழத்திலும் கிட்டிப்புள் என்றும், தமிழகத்தின் பல பகுதிகளில் கில்லி, கில்லி தாண்டு என்றும் வழங்கும் ஆட்டம் யாவரும் அறிந்ததே. முழங்கையளவோ அதனின் நீண்டதோ ஆன கோல் கிட்டி. இரு முனையும் கூராக்கப்பட்ட சிறு குச்சி புள். தரையில் கீறிய சிறு குழியின் குறுக்கே புள்ளை வைத்துக் கிட்டியால் கெந்தி எறிவது தொடக்கம். எதிர்க்கட்சியினர் அதனைப் பிடித்துவிட்டால் ஆடுபவன் ஆட்டம் இழப்பான். பிடிக்கவில்லையெனில் குழியின் மேல் வைத்த கிட்டியைக் குறிவைத்து அவர்கள் புள்ளை எறிவர். அதிலும் தப்பினால் ஆடுபவன் புள்ளின் கூர்முனையைத் தட்டி மேலெழுப்பி, அது நிலம் தொடுமுன் ஓங்கி அடிப்பான். விழுந்த இடத்திலிருந்து குழிவரை உள்ள தொலைவு கிட்டியால் அளக்கப்படும்.

இவ்வாட்டத்தின் பெயர்கள் இந்திய மொழிகளில் பலவாயினும் அமைப்பு ஒன்றே. மலையாளத்தில் குட்டியும் கோலும், கன்னடத்தில் சின்னி தாண்டு, மராத்தியில் விட்டி தாண்டு, இந்தியில் குல்லி டண்டா, வங்காளத்தில் டாங்குலி என்பன ஒரே ஆட்டத்தின் பெயர்கள். பெரும்பாலானவை சிறு குச்சி, நெடுங்கோல் என்னும் இரு கருவிகளையும் இணைத்துச் சொல்லும் கூட்டுப் பெயர்களாதல் நோக்கத்தக்கது. தமிழர் அச்சிறு குச்சியைப் பறக்கும் தன்மையால் புள், அதாவது பறவை, என்றனர். ஆங்கிலேயர் அதனையே கேட், அதாவது பூனை, என்றனர். ஆட்டத்துக்கு டிப்கேட் எனப் பெயரிட்டனர்.

இந்த ஆங்கிலப் பூனைக்கும் பேஸ்பாலுக்கும் தொடர்பு உண்டு. ஜோசப் ஸ்டிரட் 1801-இல் வெளியிட்ட ஆங்கிலேயர் விளையாட்டுகள் பற்றிய நூலில் டிப்கேட்டின் ஒரு வகையை விவரிக்கிறார். அதில் வட்டமாக அமைந்த குழிகள்தோறும் ஆட்டக்காரர் நின்று, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் குழி மாறி ஓடுவர். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுவர் ஆடிய பந்தாட்டங்கள் ஒன் ஓல்டு கேட், டூ ஓல்டு கேட் என ஓடிச்சேரும் தளங்களின் எண்ணிக்கையால் பெயர் பெற்றிருந்தன. பேஸ்பாலின் முன்னோர் வரிசையில் இவற்றை வைத்துப் பேசுவது வழக்கம். அடிக்குப் பின் ஓடிக் கடக்கும் தளத்தை எண்ணும் வழக்கமே பின்னர் சிங்கிள், டபுள், டிரிபிள் என அடியின் பெயராக வளர்ந்தது எனக் கொள்ளலாம். கிட்டிப்புள்ளில் ஓட்டம் இல்லை, அளவே உண்டு. ஆகவே இந்திய ஆட்டங்களில் எண், ஓடிய தளத்தைச் சுட்டாமல் அளந்த கோலைச் சுட்டியது. தொடக்கம் வேறாயினும், எண்ணிலிருந்து அடிப்பெயர் பிறந்த முறை ஒன்றே.

3. மராத்தியரின் ஏழு அடிகள்

மராட்டிய நாட்டில் ஆடப்படும் விட்டி தாண்டு ஆட்டத்தின் ஒரு முறை நம் கவனத்துக்குரியது. அடிபட்ட விட்டி விழுந்த இடத்திலிருந்து குழிவரை தாண்டால் அளக்கும்போது சிறுவர் ஒன்று, இரண்டு எனப் பொருள்படும் ஏக், தோன் முதலிய மராத்தி எண்களைச் சொல்வதில்லை. வகட், லேண்ட், மூண்ட், நால், ஆர், வை, ஜக்கு என்னும் ஏழு சொற்களை ஓதுகின்றனர். வடிவிலும் வரிசையிலும் ஊர்தோறும் சிறு வேறுபாடுகள் உண்டு. எனினும் முதல் நான்கும் பரவலாக ஒரே நிலையில் நிற்கின்றன. அளவு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லுக்குரிய முறையில் அடுத்த அடியை அடிக்க வேண்டும். ஒன்றுக்கு விட்டியைக் காலின் மேல் வைத்து எழுப்பி அடித்தல், மற்றொன்றுக்கு மூடிய கைமுட்டியின் மேல் வைத்து அடித்தல், விரல்களின் மேல், கண்ணின் மேல், மடக்கிய முழங்கையின் மேல் வைத்து அடித்தல் என அடிமுறைகள் விரியும். ஆகவே இவ்வேழு சொற்களும் ஒரே வேளையில் எண்ணுப் பெயர்களாகவும் அடிப்பெயர்களாகவும் உள்ளன.

இச்சொற்கள் மராத்தியின் இந்தோ ஆரிய எண்கள் அல்ல என்பதும், முதல் நான்கும் திராவிட எண்கள் என்பதும் மொழியியலார் அறிந்ததே. தமிழ் வாசகர் 'நால்' என்பதைக் கேட்டவுடன் இவை தமிழ் எண்கள் எனக் கருத விழைவது இயல்பு. அவ்வாறு முடிவு செய்யுமுன் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற்சொல் வகட். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒந்து, கோண்டியில் உந்தி எனவரும் வடிவங்களிலிருந்து இதனைப் பெற இயலாது. தெலுங்கின் ஒகடி என்பதே இதற்கு மூலமாகும். மொழிமுதல் ஒகரத்தின் முன் வகரம் உடம்படுமெய்போலத் தோன்றுவது திராவிட மொழிகளின் பேச்சு வழக்கில் இயல்பான மாற்றம்.

இரண்டாம் சொல் லேண்ட். தெலுங்கில் ரெண்டு, கன்னடத்தில் எரடு, கோண்டியில் ரண்ட், தமிழ் எழுத்து வழக்கில் இரண்டு. மராத்தி வடிவின் ஏகாரமும் ணகர டகர மெய்ம்மயக்கமும் தெலுங்கு வடிவோடு இயைகின்றன. தமிழ்ப் பேச்சு வழக்கிலும் ரெண்டு உண்டெனினும் முதற்சொல் தெலுங்காக நிற்கையில் இரண்டாவதை மட்டும் தமிழெனக் கொள்ளக் காரணமில்லை. ரகரம் லகரமாதல் எளிய திரிபே.

மூன்றாம் சொல் மூண்ட். இன்றைய தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூறு, கோண்டியில் மூண்ட். பழந்தெலுங்கில் இச்சொல் மூக்கொலி பெற்று மூண்டு என்றிருந்தது. ஆகவே மராத்தி வடிவம் பழந்தெலுங்கிலிருந்தோ, மராட்டியத்தின் கிழக்குப் பகுதியில் இன்றும் வழங்கும் கோண்டி போன்ற மொழியிலிருந்தோ வந்திருக்கலாம். மூக்கொலி நீங்குமுன் இச்சொல் கடன் பெறப்பட்டது எனக் காலம் கணிக்கும் ஆவல் எழும். அதற்கொரு தடையுண்டு. எண்களை வரிசையாக ஓதும்போது அண்டைச் சொல்லின் ஒலி அடுத்த சொல்லைத் தன்வயமாக்குதல் உலக மொழிகளில் பரவலாகக் காணப்படும் நிகழ்ச்சி. ஆங்கிலத்தின் ஃபோர் என்னும் சொல்லின் முதல் மெய், அடுத்து வரும் ஃபைவ் என்பதன் செல்வாக்கால் வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவ்வாறே லேண்ட் என்பதன் மூக்கொலி மூடு என்பதை மூண்ட் ஆக்கியிருத்தலும் கூடும். எனவே இந்த ஒரு வடிவைக் கொண்டு காலத்தை அறுதியிடல் தகாது.

நான்காம் சொல் நால். தெலுங்கு நாலுகு, கன்னடம் நால்கு, தமிழ் நான்கு, நாலு ஆகிய யாவற்றுக்கும் பொதுவான வேர் இது. ஆகவே எம்மொழியிலிருந்து வந்தது என்னும் வினாவுக்கு இச்சொல் தானே விடை தராது. முதற்சொல்லின் சான்றையே பின்பற்ற வேண்டும்.

ஐந்தாம் இடத்து ஆர், தெலுங்கின் ஆறு என்பதை ஒத்திருப்பினும் ஆறாம் இடத்தில் இல்லை. அடுத்து நிற்கும் வை, ஐது என்பதன் சிதைவாகி இரண்டும் தம்முள் இடம் மாறினவோ என ஐயுறலாம். எனினும் ஒகரத்தின் முன் வகரம் தோன்றுவதுபோல ஐகாரத்தின் முன் தோன்றுவது இயல்பன்று. ஏழாவதாகிய ஜக்கு என்பதைத் திராவிட ஏழு என்னும் சொல்லோடு இணைக்க எவ்வித ஒலிவிதியும் துணை செய்யாது. சுருங்கக் கூறின் நான்குவரை உறுதி, அதற்குமேல் ஐயம் என்பதே இன்றைய நிலை.

திராவிட எண்களாக இருந்தவை மராத்தியில் பொருளிழந்து ஒலியாகவே நின்றமைக்குப் பிறிதொரு சான்றும் உண்டு. மராத்தியில் நால் என்பது குதிரை லாடத்தையும், முண்ட் என்பது மழித்த தலையையும் குறிக்கும் தனிச் சொற்களாகவும் உள்ளன. அச்சொற்களின் தொடர்பும் இவ்வெண்களை அசைக்கவில்லை. வரிசையின் வலிமை அத்தகையது.

4. வங்காளத்தின் ஏழு அடிகள்

அலிப்பூரைச் சூழ்ந்த வங்காள நிலத்தின் டாங்குலி ஆட்டத்திலும் ஏழு அளவுச் சொற்கள் வழங்குகின்றன. பாடி, துடி, தேடி, சாகல், சாம்பா, ஜேங்க், மேக் என்பது அவ்வரிசைகளுள் ஒன்று. ஏழு அளவு சேர்ந்தால் ஒரு ஃபூல். ஏழு ஃபூல் சேர்ந்தால் ஒரு லால். இங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி அடிமுறை உண்டு. ஆட்டத்தின் அமைப்பு மராட்டிய முறையோடு பெரிதும் ஒத்துள்ளது.

அமைப்பு ஒத்தபோதிலும் சொற்கள் ஒத்தில. தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும்போது பாடி, துடி, தேடி என்பன தமிழ் வினையெச்சங்கள்போலத் தோன்றும். அத்தோற்றத்துக்கு வரலாற்று மதிப்பு ஏதுமில்லை. வங்காளத்தில் பாடி என்பது கோலால் அடிக்கும் அடியைக் குறிக்கும் வழக்குச் சொல். துடி, தேடி என்பன இரண்டு, மூன்று எனப் பொருள்படும் வங்காள எண்களின் அடியாகப் பிறந்தவை. சாகல் என்பதன் முதலசை நான்கைக் குறிக்கும் சார் என்பதை நினைவூட்டுகிறது. எஞ்சிய மூன்றில் எண்ணின் சாயல் தெளிவாகத் தோன்றவில்லை.

இவ்விரு வரிசைகளையும் ஒப்பிடுகையில் இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, ஏழு அளவு, ஏழு அடி என்னும் ஆட்ட அமைப்பு மொழி எல்லைகளைக் கடந்து பரவியுள்ளது. மராட்டியர் திராவிட எண்களால் ஆடியதை வங்காளியர் தம் சொந்த எண்களால் ஆடினர். ஆட்டம் பரவுவதும் சொல் பரவுவதும் ஒன்றல்ல. மற்றொன்று, எண்களின் தெளிவு மூன்று அல்லது நான்கோடு நின்றுவிடுகிறது. பேஸ்பாலின் அடிகளும் மூன்றுவரை எண்ணால் பெயர் பெற்று, நான்காவது ஹோம் ரன் என வேறு பெயர் கொள்வதை முன்னர்க் கண்டோம். திராவிட மொழிகளுள்ளும் குடுக் மொழி நான்குவரையும், பிராகுயி மூன்றுவரையும் தம் தொல்லெண்களைக் காத்து, அதற்குமேல் கடன் எண்களை ஏற்றன. மராட்டிய நாட்டுக் கோலாமி மொழியும் ஐந்து முதல் தெலுங்கு எண்களையே வழங்குகிறது. சிற்றெண்கள் உறுதியானவை, பேரெண்கள் நெகிழ்பவை என்னும் பொதுவியல்பை ஆடுகளமும் எதிரொலிக்கிறது எனலாம்.

5. எண் எப்போது எண்ணாக இராது?

மராத்தியர் சந்தையில் ஏக், தோன் என எண்ணிக்கொண்டே ஆடுகளத்தில் வகட், லேண்ட் என ஓதியது எவ்வாறு? தம் மொழியில் எண் இருக்கையில் அயல் எண்ணை ஏன் காத்தனர்? இதற்கான விளக்கத்தை நம் கண்ணெதிரே நிகழும் ஒரு வழக்கு தருகிறது.

தமிழ்ச் சிறுவன் தெருவில் கிரிக்கெட் ஆடுகையில் 'மூன்று ஃபோர் அடித்தான்' என்கிறான். இத்தொடரில் எண் இரண்டு உள்ளன. முன்னது தமிழ் எண். அது எண்ணாகவே தொழிற்படுகிறது. பின்னது ஆங்கில எண். ஆயினும் அஃது எண்ணப்படும் பொருளாகிவிட்டது. 'மூன்று நான்கு அடித்தான்' எனின் பொருள் மயங்கும். ஃபோர் என்னும் சொல் எண்ணாக இல்லாமல் ஒரு வகை அடியின் பெயராகிவிட்டதால்தான் அதனை மற்றோர் எண்ணால் எண்ண முடிகிறது. பேஸ்பாலில் ஒருவன் இரண்டு டபுள் அடித்தான் எனக் கூறுவதும் இத்தகையதே. ஓர் எண்ணுப் பெயரைப் பிறிதோர் எண்ணால் எண்ண இயலுமாயின் அஃது அடிப்பெயராக மாறிவிட்டது என்பதை அறிய இதனை ஒரு சோதனையாகக் கொள்ளலாம்.

அயற்சொல்லாக இருத்தல் ஈண்டு குறையன்று, நலமே ஆகும். சொந்த எண்ணால் அடிக்குப் பெயரிட்டால் எண்ணிக்கையும் அடியும் மயங்கும். அயலெண் அம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. வகட், லேண்ட் என்பன மராத்தியில் நிலைத்ததற்கும், ஃபோர், சிக்ஸ் என்பன தமிழ்த் தெருவில் நிலைத்ததற்கும் இதுவும் ஒரு காரணமாகும். ஈழத்துத் தமிழ் இதழ்கள் துடுப்பாட்டம், நான்கு ஓட்டம், ஆறு ஓட்டம் என நல்ல தமிழ்ச் சொற்களைப் பேணி வருவது பாராட்டுக்குரியது. அங்கும் வெற்றெண் அடிப்பெயராக நில்லாமல் ஓட்டம் என்னும் பெயரைத் துணைக்கொண்டே நிற்பது நம் கருத்தை வலியுறுத்துகிறது.

6. சான்றின் வலிமையும் வரம்பும்

இனி, மராத்தி அடிப்பெயர்கள் எதனைக் காட்டுகின்றன என்னும் வினாவுக்கு வரலாம். மராட்டிய நிலத்தில் முன்னர்த் திராவிட மொழி பேசியோர் வாழ்ந்து, பின்னர் மராத்திக்கு மாறினர்; அவர்தம் குழந்தைகளின் ஆட்டத்தில் மட்டும் பழைய எண்கள் எஞ்சின என்பது ஒரு விளக்கம். மராத்தியின் ஒலியமைப்பிலும் தொடரமைப்பிலும் திராவிடச் செல்வாக்கு உண்டு என்பது பல ஆய்வுகளால் பேசப்பட்டுள்ளமையால் இவ்விளக்கம் கவர்ச்சியுடையது. எம். பி. எமனோ 1956-இல் இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாகக் காட்டிய பின்னர் இத்தகைய சான்றுகள் மேலும் மதிப்புப் பெற்றன.

ஆயினும் கிரிக்கெட் தரும் பாடத்தை மறத்தல் கூடாது. தமிழ்ச் சிறுவர் ஃபோர், சிக்ஸ் என்பதால் தமிழகத்தில் முன்னர் ஆங்கிலம் பேசியோர் வாழ்ந்து தமிழுக்கு மாறினர் என எவரும் கூறார். ஆட்டம் வந்தது, அதனோடு அடிப்பெயரும் வந்தது. அவ்வாறே தெலுங்கு பேசுவோரிடமிருந்து ஆட்டத்தைக் கற்ற மராத்தியர் அதன் எண்களையும் கற்றிருக்கலாம். மராட்டியத்தின் பெரும் பகுதி நெடுங்காலம் கன்னட அரசவைகளின் ஆட்சியில் இருந்தும், எண்கள் கன்னடமாக இல்லாமல் தெலுங்காக இருப்பது இந்த இரண்டாம் விளக்கத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. அடித்தளத்தில் எஞ்சிய மொழியாயின் கன்னடச் சாயலை எதிர்பார்ப்பதே பொருத்தம்.

இத்தகைய சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. வட இங்கிலாந்தில் ஆடு மேய்ப்போரும் குழந்தைகளும் வழங்கிய யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப் என்னும் எண்ணு வரிசை வேல்சு மொழியின் இனத்தைச் சார்ந்தது. 1870-களில் அலெக்சாண்டர் எல்லிஸ் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். ஆங்கிலம் வருமுன் அங்கு வழங்கிய கெல்த்திய மொழியின் எச்சம் இவை என்பாரும், பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தவை என்பாரும் உளர். டெதெரா, மெதெரா எனச் சொற்கள் ஒன்றையொன்று ஒத்திசைத்து மாறியதையும் அங்குக் காணலாம்.

ஆட்டம் வேரூன்றாத இடத்தில் சொல்லும் வேரூன்றாது என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 1792-இல் அங்குக் கிரிக்கெட் கழகம் இருந்தது. காலப்போக்கில் வங்காளத் தெருக்களில் சிறுவர் அவ்வாட்டத்தைத் தமதாக்கினர். அதன் அடிப்பெயர்கள் வங்காளத்தில் கலந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அந்நகரில் தங்கிய அமெரிக்கப் படைவீரர் பேஸ்பால் ஆடினர். போர் முடிந்து அவர்கள் நீங்கியதும் ஆட்டமும் நீங்கியது. சிங்கிள், டபுள், டிரிபிள் என்னும் அடிவரிசை வங்காளச் சிறுவர் நாவில் தங்கவில்லை. ஆட்சியோ படையோ மட்டும் அடிப்பெயரைப் பரப்புவதில்லை. ஆடிப் பழகும் குழந்தையே பரப்புகிறது. எனவே மராத்தி எண்கள் உறுதியாகக் காட்டுவது இதுவே: ஏதோ ஒரு காலத்தில் தெலுங்கு எண்களை ஓதிய சிறுவரும் மராத்திச் சிறுவரும் ஒரே களத்தில் ஆடினர். அரசர் பெயரைக் கூறும் கல்வெட்டு இதனைக் கூறாது.

7. தொகுப்புப் பணி

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்த தமிழ்ப் பேரகராதி 1,17,762 சொற்களைத் தன்னகத்தே கொண்டது. இலக்கிய வழக்கையும் முந்தைய அகராதிகளையும் பெரிதும் சார்ந்த அத்தகைய பெரும்பணியில் ஆட்டத்தின் பெயர் இடம்பெறுதல் எளிது. ஆட்டத்தினுள் வழங்கும் அடிப்பெயர் இடம்பெறுதல் அரிது. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' ஒரே ஆட்டத்தின் வட்டார முறைகளைத் தனித்தனியே குறிக்கும் நெறியைக் காட்டியது. அந்நெறியைத் தொடர்ந்து, அடிப்பெயர்களை மட்டும் ஊர்தோறும் தொகுக்கும் பணி தேவைப்படுகிறது.

அவ்வாறு தொகுக்கும்போது தனிச்சொல்லைக் கேட்டு எழுதுதல் போதாது. வரிசை முழுவதையும் ஆடியவரே ஓதக் கேட்டு எழுத வேண்டும். வரிசையின்றி இவற்றுக்கு வரலாறு இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் உரிய உடல்நிலையையும் அடிமுறையையும் அளவையும் உடன் குறிக்க வேண்டும். கூறுபவர் எந்த ஊரில், எந்த வயதில், எம்மொழிச் சிறுவரோடு சேர்ந்து ஆடினார் என்பதும் இன்றியமையாதது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வழங்கும் வட ஆர்க்காடு, தருமபுரி, கிருட்டிணகிரி எல்லைப்புறங்கள் இதற்கு ஏற்ற களங்கள். மராத்திச் சான்றில் விடையின்றி நிற்கும் ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களுக்கு அங்கு ஒளி கிடைத்தல் கூடும். தஞ்சைப் பகுதியில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் மராத்திய மக்களிடையே வகட் வரிசை வழங்கியதா என்பதும் கேட்டறியத்தக்கது. வழங்கியதாயின் அவர்கள் குடிபெயர்ந்த பதினேழாம் நூற்றாண்டுக்கு முன்னரே அது மராட்டியத்தில் நிலைத்திருந்தது என்பதற்கு ஒரு சான்று கிடைக்கும்.

முடிவுரை

அடியைக் குறிக்கும் பெயர்களுள் செயலாலும் வழியாலும் வந்தவை மொழியோடு மாறுகின்றன. எண்ணால் வந்தவை வரிசையின் வலிமையால் நிலைக்கின்றன. எண் அடிப்பெயராகும்போது எண்ணாக இராது. ஆதலின் சொந்த எண் அதனை வெளியேற்றுவதில்லை. மராத்தியின் வகட், லேண்ட், மூண்ட், நால் என்பன திராவிட எண்கள். அவற்றுள்ளும் தெலுங்குச் சார்புடையன. தமிழ் எனக் கொள்ளச் சான்றில்லை. அவை மக்கட் கலப்பைக் காட்டுகின்றனவா, ஆட்டப் பரவலைக் காட்டுகின்றனவா என்பதை இவ்வரிசை ஒன்றைக் கொண்டே துணிதல் இயலாது. அதற்கு வேண்டிய எஞ்சிய சான்றுகள் அகராதிகளில் இல்லை. கிட்டிப்புள் ஆடி முதுமை எய்தியோரின் நினைவில் உள்ளன. கிட்டியும் புள்ளும் ஆடுகளத்தை விட்டு நீங்கிவரும் இந்நாளில், அந்நினைவு மறையுமுன் அடிவரிசைகளை எழுத்தில் பதிதல் மொழியியல் மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.